எக்ஸ் முதலில் என்ற மகனுக்கு, வரி முதலில் என்ற அம்மா

கவின்,

உன் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று உனக்குப் பேசியிருக்கிற தர்ஷினி உன் அப்பாவிடம் சொல்லி, அவர் என்னிடம் சொல்லிவிட்டார். கோயில் திருவிழா முடிந்ததிலிருந்து நான் போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரே பதில். “சாம்பார் பொடி தீந்துருச்சா?” என்றால் ஓகே. “சளி விட்டுச்சா?” என்றால் ஓகே. “உன்னைய எதுக்குடா பெத்தேன்?” என்று கேட்டேன், அதற்கும் ஓகே. சிங்கப்பூர் சம்பளம் வாங்குகிற பிள்ளைக்கு ஒரு வார்த்தைக்கு மேல் எழுத விரல் வலிக்கிறது போலும். அதனால் நானே நீளமாக எழுதி, நம் குடும்பக் குழுவில் போடப்போகிறேன். உன் சித்தி, மாமா எல்லாரும் படிக்கட்டும். நம் ஊர் தம்போய் முழுக்கத் தெரிந்த கதைதானே! கோயில் வாசலில் பூ விற்கிற அக்காகூட, “என்னா, எக்ஸ் முன்னாடியா வை முன்னாடியா, முடிவாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பூவை அளக்கிறார்.

உன் கல்யாணத் தேதி தள்ளிப்போனது என்னால் என்று நீ நினைக்கிறாய். நான் அது உன்னால் என்று நினைத்தேன். இந்த வாரம் வரை நினைத்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பாலோவுக்குப் போய் தர்ஷினி வீட்டாரிடம் பேசப்போகிறோம். நீ கூட வராவிட்டால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை. உன்னை வரவழைக்கத்தான் இந்தக் கடிதம். கோபம் தீராவிட்டாலும் கடைசிவரை படி, உனக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது.

விவகாரம் தெரியாத உன் சித்திக்காக முதலிலிருந்தே சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பே பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அப்போது திரையில் படமும் கிடையாது, சுட்டியும் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். ஓர் எழுத்தைத் திரையில் ஓர் இடத்தில் உட்கார வைக்க வேண்டுமானால் புரோகிராமில் இரண்டு எண் கொடுக்க வேண்டும். மேலிருந்து எத்தனையாவது வரி என்பது முதல் எண், அந்த வரியில் இடமிருந்து எத்தனையாவது கட்டம் என்பது இரண்டாவது. எனக்கு முந்தியவர்கள் அப்படி வைத்தார்கள், நான் அப்படியே கற்றுக்கொண்டேன், வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதில்தான் சோறு தின்றேன். அந்தச் சோற்றில்தான் நீயும் வளர்ந்தாய், அது வேறு விஷயம். ஆனால் நீ பள்ளிக்கூடத்தில் வரைபடத் தாளோடு உட்கார்ந்தவன். அங்கே எக்ஸ் முதலில், வை பிறகு. குறுக்கே எத்தனை என்பது முன்னால், மேலே கீழே எத்தனை என்பது பின்னால். நான் “மூன்று, ஏழு” என்று சொல்கிற அதே இடத்தை நீ “ஏழு, மூன்று” என்பாய். இவ்வளவுதான் நம் குடும்பச் சண்டை.

பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும்போது நீ வரைபடக் கணக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கொடுத்த புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வீடு வர வேண்டும். நான் சொன்னபடி நீ புள்ளி வைத்தாய். வீடு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கூரையை வலப்பக்கம் நீட்டியது. “ம்மா, வீடு விழுந்துருச்சு” என்றாய். “விழலடா, அப்படிப் பாக்கக் கத்துக்கோ” என்று அனுப்பி வைத்தேன். வாத்தியார் சிவப்பு மையில், “வீடு ஏன் படுத்திருக்கிறது?” என்று எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து நீ என்னிடம் கணக்குக் கேட்கவேயில்லை. என் ஆபீசில் சரியாக இருந்தது உன் வகுப்பில் தப்பு என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பிறகு நீயும் படித்து, புரோகிராம் எழுதுகிறவனாகவே வந்து நின்றபோது சோற்று மேசை நீதிமன்றம் ஆனது. “நம்ம பழைய ஃபிளாட்டுல மாடி நம்பர்தானே முன்னாடி, கதவு நம்பர் அப்புறம்தானே?” என்பேன். “சினிமா சீட்டுல வரிசைதான் முன்னாடி.” நீ, “மேப்புல?” என்று மடக்கப் பார்ப்பாய். “மேப்புலயும் அட்சரேகைதாண்டா முன்னாடி!” என்று நான் எழுந்தே நின்றுவிடுவேன். அதில் குறுக்கே எண்ணுவதுதான் முன்னால் என்று காட்ட, நீ சதுரங்கப் பலகையைத் தேடி ஓடுவாய். உன் அப்பா மீன் முள்ளை ஒதுக்கியபடி, “ரெண்டு நம்பரையும் குடுத்தாச்சுல்ல, அப்புறம் என்னா லா?” என்பார். டயர் கடைக்காரருக்கு வாழ்க்கை எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார்.

இந்தச் சண்டையோடு நாம் இருவரும் சேர்ந்து கோயிலுக்கு ஒரு புரோகிராம் எழுதினோமே, அதுதான் நம் மகா புத்திசாலித்தனம். திருவிழா என்றால் நம் கோயில் வாசலில் செருப்பு மலை குவியும். வருகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு வீட்டுக்குப் போவார்கள். தலைவர் இந்த வருடம் ஒரு கொட்டகை போட்டு, பலகையில் புறாக்கூண்டு மாதிரி பெட்டிகள் அடித்து வைத்தார். மேலிருந்து கீழே எத்தனை வரிசையோ குறுக்கேயும் அத்தனை பெட்டி, சரியான சதுரம். செருப்பை வாங்கும்போது கணினி ஒரு காலிப் பெட்டியைக் காட்டும், டோக்கன் எண்ணைப் பதிந்துகொள்ளும். திரும்பக் கேட்கும்போது எண்ணைத் தட்டினால் அந்தப் பெட்டி திரையில் மினுக்கும். கோயிலில் இருந்தது பழைய கணினி, கறுப்புத் திரைக்கு மேல் தாங்காது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செருப்பை வாங்கும் திரையை நான் தம்போயில் எழுதினேன். திருப்பிக் கொடுக்கும் திரையை நீ சிங்கப்பூரில் எழுதி அனுப்பினாய். யார் எந்த எண்ணை முதலில் வைப்பது என்று ஒரு போன் பேசியிருக்கலாம். பேசினால் சண்டை வரும் என்று இருவருமே பேசவில்லை! நான் வரியை முதலில் பதிந்தேன். நீ அதையே எடுத்து எக்ஸ் என்று படித்தாய்.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. உன் அப்பாவை உட்கார வைத்து, “ஏதாச்சும் ஒரு பெட்டி சொல்லுங்க” என்றேன். கார் நம்பர் பிளேட்டில் ஜோடி எண் வேண்டும் என்று வரிசையில் நிற்கிற மனுசன் வேறென்ன சொல்வார்? மூன்று, மூன்று என்றார். எட்டு, எட்டு என்றார். ஒன்பது, ஒன்பது என்றார். எந்த எண் முன்னால் வந்தால் என்ன, எல்லாம் சரியாகவே மினுக்கியது. “கிளாஸ் லா!” என்று கை தட்டினார். நானும் சேர்ந்து தட்டினேன். இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு ஒரு மூன்று, ஏழு கொடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

திருவிழாவன்று தர்ஷினி வீட்டார் பாலோவிலிருந்து வந்தார்கள். சாமி கும்பிட்டு, அன்னதானம் முடிந்து, ராகு காலத்துக்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்து தேதி குறிப்பதாக ஏற்பாடு. தர்ஷினியின் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஒரு பேர் விடாமல் தொழிலாளர் கணக்கை எழுதி வைத்த கை, எதிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட தோல் செருப்பை அவர் கழற்றிக் கொடுத்தபோது, நானே வாங்கி மூன்றாவது வரிசை, ஏழாவது பெட்டியில் பவ்வியமாக வைத்தேன். நேரம் ஆகிறது என்று முதல் ஆளாக வெளியே வந்தவரும் அவர்தான். நீ கொடுக்கும் இடத்தில் நின்றாய். டோக்கனைத் தட்டினாய். ஏழாவது வரிசை, மூன்றாவது பெட்டி மினுக்கியது. அதிலிருந்ததை எடுத்து இரண்டு கையாலும் மரியாதையாக அவர் முன்னால் வைத்தாய். ரோஸ் கலர் ரப்பர் செருப்பு, மேலே மினுமினுக்கிற பட்டாம்பூச்சி. என்னுடையது.

“தம்பி, இது என்னோடது இல்லீங்களே” என்றார்.

“சிஸ்டம் இதைத்தான் காட்டுது அங்கிள்” என்றாய். அட பாவி! அந்த மனுசன் காலைப் பார்த்தாவது சொல்லியிருக்கக் கூடாதா?

நான் ஓடி வந்தேன். என் செருப்பைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், விஷயம் புரிந்துவிட்டது. வேறொரு பெண்மணியாக இருந்தால் ஐயா மன்னிச்சுக்கோங்க என்று ஓடிப்போய் அவருடைய செருப்பை எடுத்துக் கொடுத்திருப்பாள். அது நம் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் என்ன செய்தேன்? “ரெண்டு நம்பரையும் எந்த ஆர்டர்ல படிச்சே?” என்று உன் சட்டையைப் பிடித்தேன். “எக்ஸ், வை. வேற எப்படிம்மா படிப்பாங்க?” என்றாய். “திரையில வரிதாண்டா முன்னாடி!” “உலகமே எக்ஸ்தாம்மா முன்னாடி, உங்க ஒருத்தருக்குத்தான் அது படுத்துக் கெடக்கு!” “அந்தப் படிவம் ரெண்டு கதைய இங்க எடுக்காத!” பின்னால் வரிசை மேள செட்டு வரைக்கும் நீண்டுவிட்டது. கிராணி நம் நடுவில், சுடுகிற சிமெண்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். தர்ஷினி இரண்டு தடவை “அத்தை, அத்தை” என்று கூப்பிட்டாளாம். எனக்குக் காதில் விழவில்லை.

உன் அப்பா சமாதானம் செய்யப் போனார். “கோயில்ல செருப்பு போனா சனி விட்டுச்சும்பாங்க சம்பந்தி, நல்லதுதான்.” கிராணி நிதானமாக, “எனக்குச் சனியே இல்லீங்களே. இன்னைக்குக் காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்” என்றார். பிறகு நம் இருவர் பக்கமும் திரும்பினார். “உங்க ரெண்டு பேருக்குள்ள எந்த நம்பர் முன்னாடிங்கிறது முதல்ல முடிவாகட்டும்மா. அப்புறமா நாம கல்யாணத் தேதியப் பத்திப் பேசலாம்.” குரல் உயரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வெறுங்காலோடு நண்பகல் தார் ரோட்டில் கார் வரைக்கும் நடந்தார். முதலில் கௌரவமாகத்தான் நடந்தார். பாதி வழியில் சூடு தாங்காமல் தாவினார். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. நல்ல மனுசனை நாலு பேர் பார்க்கத் தாவ விட்டோமே என்று இன்னமும் கூசுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ முழுதாகப் பார்க்கவில்லை, கோபித்துக்கொண்டு சிங்கப்பூருக்குக் காஸ்வே பஸ் பிடிக்கப் போய்விட்டாய். கூட்டம் நம் கொட்டகையை மொய்த்தது. “அலமாக், இது என் புருசன் செருப்பு இல்ல!” என்று ஓர் அம்மா. “பரவால்ல, இது நல்லாருக்கு” என்று புதுச் செருப்பு கிடைத்த ஒருத்தர் நழுவப் பார்த்தார். உன் அப்பா பெஞ்சு மேல் ஏறி நின்று ஏலம் போட ஆரம்பித்துவிட்டார். “கறுப்பு, வார் அறுந்தது, யாருது? வெக்கப்படாம வாங்க!” நான் மெல்ல ஒன்றைக் கண்டுகொண்டேன். யாருக்கு யாருடையது போயிருக்கிறதோ, அவருடையது இவருக்கு வந்திருக்கும். மூன்று ஏழுக்காரரும் ஏழு மூன்றுக்காரரும் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. அப்படியே ஆளுக்கு ஆள் ஜோடி சேர்த்து விட்டோம். முன்பின் தெரியாதவர்கள் செருப்பை மாற்றிக்கொண்டு, எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்துச் சொந்தம் கொண்டாடினார்கள். கடைசியில் மூன்றாவது வரிசை, ஏழாவது பெட்டியில் கிராணியின் செருப்பு மட்டும் பளபளவென்று இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

தர்ஷினி அடுத்த நாளே போன் செய்தாள். நல்ல பெண்டா அவள், வாய்விட்டுச் சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, “அப்பாகிட்ட செருப்பு நெறைய இருக்கு அத்தை, அதுக்கு அவர் கோபப்படல” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒரு நம்பருக்கு அம்மாவும் மகனும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாங்களே, நாளைக்கு நீ நடுவுல மாட்டிக்கிட்டா என்னா பண்ணுவேன்னு கேக்குறாரு. எனக்குப் பதில் தெரியல” என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கேட்டதில் என்ன தப்பு? பெண்ணைப் பெற்றவர், வேறென்ன கேட்பார்?

கல்யாணம் செய்யப்போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? எனக்கு ஒன்றுதான் தெரியும். எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணமான புதிதில் ஒரு நாள் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனோம். நான்தான் வழி சொன்னேன். “ரெண்டாவது சிக்னல்ல திரும்புங்க” என்றேன். நான் பூஜ்யத்திலிருந்து எண்ணிப் பழகியவள், அப்போது நின்றுகொண்டிருந்த சிக்னல் எனக்குப் பூஜ்யம். அவருக்கு அது ஒன்று. திரும்பிய இடத்திலும் ஒரு மண்டபம் இருந்தது, வாசலில் வாழை மரம் இருந்தது. உள்ளே போய்ச் சாப்பிட்டு, பரிசைக் கொடுத்து, மேடையேறி வாழ்த்தும் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை யாரென்றே தெரியவில்லை என்று உறைத்தது. காரில் திரும்பும்போது நான் கத்தினேன், அவரும் கத்தினார். ஆனால் அடுத்த தடவை வண்டியை எடுத்தவுடன் அவர் என்னைப் பார்த்து, “பூஜ்யமா, ஒண்ணா?” என்று கேட்டார். இன்று வரைக்கும் கேட்கிறார். இத்தனை வருடத்தில் யார் எண்ணுவது சரி என்று நாங்கள் முடிவு செய்யவே இல்லை. கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். தர்ஷினியும் அவளுக்கென்று ஒரு வரிசையோடுதான் உன் வீட்டுக்கு வருவாள். நீயும் கேள். இதை எனக்குச் செய்துகாட்டுகிற புருசனை வைத்துக்கொண்டு, நான் உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லையே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

அதனால் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோயில் ஆபீசுக்குப் போனேன். கணினியைத் திறந்து, இணையத்தில் நம் இருவருக்கும் பொதுவாக இருக்கிற இடத்திலிருந்து புரோகிராமை இறக்கி, என் பாதியை மாற்றினேன். கட்டம் முதலில், வரி பிறகு. எக்ஸ் முதலில், வை பிறகு. கை கூசியது, பொய் சொல்ல மாட்டேன். வலது கையால் தின்று பழகியவளை இடது கையால் தின்னச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் மாற்றினேன். என் பிள்ளையின் கல்யாணத்தைவிட ஒரு நம்பர் பெரிதா?

இந்தத் தடவை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்று என் செருப்பையே கொண்டுபோய் மூன்றாவது வரிசை, ஏழாவது பெட்டியில் வைத்தேன். உன் திரைக்கு வந்து டோக்கன் எண்ணைத் தட்டினேன். ஏழாவது வரிசை, மூன்றாவது பெட்டி மினுக்கியது. பழைய தப்பு! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன். அதே பெட்டிதான். என் பாதியை எழுத்து எழுத்தாகப் படித்தேன், அதில் பிழை இல்லை. அதற்குப் பிறகுதான் உன் பாதியைத் திறந்தேன்.

நீ மாற்றியிருக்கிறாய். வரி முதலில், கட்டம் பிறகு. எனக்கு முன்னாலேயே மாற்றியிருக்கிறாய். என்னிடம் பேசாமல், போனை எடுக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு உன் அம்மா சொன்ன மாதிரி மாற்றி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாய். டேய், உனக்கு எப்படிடா மனசு வந்தது?

நான் அங்கேயே அழுதுவிட்டேன். குருக்கள் எட்டிப் பார்த்து, “என்னாம்மா, மறுபடி கெட்டுப்போச்சா?” என்று பதறினார். “இல்ல சாமி, சரியா இருக்கு” என்றேன். அவர் திரையைப் பார்த்தார், பெட்டியில் இருந்த செருப்பைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். என் கையில் கொஞ்சம் விபூதியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. கிராணியின் செருப்பை அப்பா பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார், அதை உன் கையால்தான் கொடுக்க வேண்டும். எந்த நம்பர் முன்னாடி என்று அவர் கேட்டால், அது இன்னும் தெரியாது, ஆனால் எங்களில் யாருக்கும் இனிமேல் அது பெரிதில்லை என்று சொல்வோம். இரண்டு பாதியில் ஒன்றை மட்டும்தான் பழையபடி ஆக்க வேண்டும். யார் ஆக்குவது என்று பாலோ போகிற வழியில் காரில் பேசிக்கொள்ளலாம். நான் என் பாதியில் கை வைக்காமல் இருக்கிறேன். அதுவரைக்கும் நீயும் தயவுசெய்து இன்னொரு தடவை விட்டுக்கொடுத்துத் தொலைக்காதே.

அம்மா